படத்தைக் கடைசியில் பாருங்கள்: பழைய ஜப்பானிய மடிப்புத் திரை வாங்கவும் விரிக்கவும் பாதுகாக்கவும்

தங்கப் பின்னணியில் ஒரு முதிர்ந்த பைன் மரம், ஓரத்தில் இரண்டு கொக்குகள். ஜப்பானிய மடிப்புத் திரையை முதன்முதலாகப் பார்ப்பவரின் கண் நேரே படத்துக்குத்தான் ஓடும். பழகியவர்கள் முதலில் பின்பக்கம் போய் நிற்பார்கள். பிறகு கீல்களைப் பார்ப்பார்கள், பிறகு சட்டத்தை. படம் கடைசியில்தான். காரணம் எளிது: திரையில் படம் என்பது மேல்தோல் மட்டும். அடியில் இருப்பது மெல்லிய மரக் கம்புக்கூடும், அதன்மேல் அடுக்கடுக்காக ஒட்டிய தாள்களும், அவற்றுக்கிடையில் அடைபட்ட காற்றும். திரைக்கு வரும் சேதம், அதைத் தூக்கும் முறை, வைக்கும் இடம் எல்லாமே இந்த உள்கட்டமைப்பைப் பொறுத்தவை.

சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்க

திரையின் ஜப்பானியப் பெயர் பியோபு. காற்றைத் தடுப்பது என்று பொருள். மடங்கும் ஒவ்வொரு பகுதியையும் இந்தக் கட்டுரையில் மடல் என்று சொல்வோம். கடைகளிலும் ஏலப் பட்டியல்களிலும் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும். மடலை எண்ண 'கியோகு', ஒற்றைத் திரைக்கு 'செகி', ஜோடிக்கு 'சோ'. 'ரொக்கியோகு இஸ்ஸோ' என்றிருந்தால் ஆறு மடல் திரைகள் இரண்டு, அதாவது ஒரு முழு ஜோடி, பன்னிரண்டு மடல்கள். 'நிகியோகு இஸ்ஸெகி' என்றால் இரண்டு மடல் திரை, ஒற்றை.

வழக்கமான ஆறு மடல் திரை 150 முதல் 175 செ.மீ. உயரம் இருக்கும். மடலுக்கு 60 செ.மீ. வீதம், முழுக்க நீட்டினால் 360 செ.மீ. வரும். தேநீர்ச் சடங்குக்கான 'ஃபுரோசாகி' உயரம் குறைந்த இரண்டு மடல் திரை. படுக்கையின் தலைமாட்டில் வைப்பது 'மாகுரா பியோபு'.

மடல்களை வலமிருந்து இடமாக எண்ணுவார்கள். படமும் அப்படித்தான் நகரும். பருவங்களை வரைந்த ஜோடியில் வலத் திரையில் வசந்தமும் கோடையும், இடத் திரையில் இலையுதிர்காலமும் பனிக்காலமும் வருவது வழக்கம். இடமிருந்து வலமாகப் பார்த்தால் கதை பின்னோக்கிப் போகும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கனமான மரப்பலகையில் கருப்பு மெருகு பூசி, செதுக்கி, வண்ணம் நிரப்பிய திரைகளையும் சிலர் ஜப்பானியத் திரை என்று விற்பார்கள். அவை சீனாவில் செய்தவை. நம் சோழமண்டலக் கரை வழியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியதால் கோரமண்டல் திரை என்று பெயர் பெற்றவை. பியோபு தாளால் ஆனது. தூக்கினால் அதன் பருமனுக்கு எடை குறைவாக இருப்பது உடனே தெரியும்.

உள்ளே என்ன இருக்கிறது

ஒரு மடலின் தடிமன் சுமார் 2 செ.மீ. நடுவில் சுகி எனப்படும் ஜப்பானிய தேவதாரு மரக் கம்புகள் கட்டம் கட்டமாகப் பின்னியிருக்கும். இதன்மேல் ஒட்டும் தாள் கோசோ செடியின் பட்டையிலிருந்து செய்தது. நீண்ட நார் உள்ளதால் மெல்லியதாக இருந்தாலும் எளிதில் கிழியாது. பசை, புரதத்தைக் கழுவி நீக்கிய கோதுமை மாவுக் கஞ்சி. இந்தப் பசை தண்ணீரில் இளகும். அதனால்தான் முந்நூறு ஆண்டுக்கு முந்தைய படத்தையும் கழற்றி மறுபடி ஒட்ட முடிகிறது.

முதல் தாள் கம்புகளை இறுக்கிக் கட்டும். அதன்மேல் வரும் அடுக்குக்கு 'மினோபாரி' என்று பெயர். மினோ என்பது விவசாயிகள் போட்டுக்கொள்ளும் வைக்கோல் மழைக்கோட்டு. ஒவ்வொரு தாளின் மேல் விளிம்பில் மட்டும் பசை தடவி, கூரைக்கு ஓலை வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கவிடுவார்கள். அதை மூடி ஒரு தாள். அதற்கும் மேலே, சின்னச் சின்னத் தாள்களின் நாலு ஓரத்திலும் மட்டும் பசை தடவி ஒட்டிய பை அடுக்குகள். இவற்றின்மேல்தான் படம் வரும்.

இப்படிக் கட்டுவதால் ஈரத்தில் மரம் உப்பினாலும் வெயிலில் சுருங்கினாலும் அந்த அசைவை உள் அடுக்குகளே வாங்கிக்கொள்ளும். படத்தாள் மேளத்தோல்போல விறைப்பாக நிற்கும். விரலால் லேசாக அழுத்தினாலே பொத்துப்போகும் என்பதும் இதனால்தான். பின்னால் தாங்கிப் பிடிக்க எதுவும் கிடையாது.

கீல்களும் தாள்தான். பழைய காலத்தில் மடல்களை உலோக வளையத்தில் கயிறு கோத்துக் கட்டினார்கள். ஒவ்வொரு மடலைச் சுற்றியும் துணிக்கரை இருந்ததால் படம் துண்டு துண்டாகவே தெரியும். 14ஆம் நூற்றாண்டு வாக்கில் தாள் கீல் வழக்கத்துக்கு வந்தது. பட்டை பட்டையாக வெட்டிய தாளை ஒரு மடலின் முன்புறத்திலிருந்து அடுத்த மடலின் பின்புறத்துக்கும், அடுத்த பட்டையை அதற்கு எதிராகவும் மாற்றி மாற்றிச் சுற்றுவார்கள். மடல்கள் இருபுறமும் மடங்கும், இடையில் சந்தும் தெரியாது. ஆறு மடலிலும் ஒரே படம் தொடர்ந்து ஓட வழி செய்தது இந்தத் தாள் கீல்தான்.

வாங்குமுன் கண்ணைப் பழக்குங்கள்

கியோட்டோவில் ஜூலை மாத கியோன் திருவிழாவின் முன்னிரவுகளில், ஷின்மாச்சி, முரோமாச்சி தெருக்களின் பழைய வணிகக் குடும்பங்கள் தங்கள் திரைகளைத் தெருவிலிருந்து தெரியும்படி விரித்து வைப்பார்கள். இதற்கு பியோபு திருவிழா என்றே பெயர். அருங்காட்சியகக் கண்ணாடி இல்லாமல், வீட்டு வெளிச்சத்தில் தங்கம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

டோக்கியோ நெசு அருங்காட்சியகம் ஓவியர் ஒகாதா கோரினின் ஐரிஸ் பூத் திரையைப் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் தோட்டத்து ஐரிஸ் பூக்கும்போது வெளியே எடுக்கும். கியோட்டோ கென்னின்ஜி கோயிலில் தவாராயா சோதாத்சுவின் காற்றுக் கடவுள், இடிக் கடவுள் திரைக்கு ஒரு நல்ல நகல் வைத்திருக்கிறார்கள். மூலம் கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. நகலையும் ஊன்றிப் பாருங்கள். அச்சுக்கும் கைவேலைக்கும் உள்ள வேறுபாடு கடையில் கைகொடுக்கும்.

பார்க்கும்போது தரையில் உட்காருங்கள், குறைந்தது குனியுங்கள். பாயில் உட்காரும் மனிதரின் கண்மட்டத்துக்கும், அவர் பக்கம் எரியும் விளக்குக்கும் ஏற்ப வரைந்த படம் இது. நின்றுகொண்டு பார்த்தால் தங்கம் பளபளக்கும். உட்கார்ந்தால் அதே தங்கம் மூடுபனிபோல் ஆழம் காட்டும்.

கடையில் சோதிக்கும் வரிசை

ஒரு சிறு டார்ச், பத்து மடங்கு உருப்பெருக்கி, அளவுநாடா மூன்றும் போதும். தொட்டுப் பார்க்கும் வேலையை வியாபாரியிடமே விடுங்கள்.

பின்பக்கத்தில் தொடங்குவோம். பழைய திரைகளின் முதுகில் 'காராகாமி' என்ற அச்சுப்பூத் தாள் இருக்கும். சிட்டுக்குருவி வடிவம் போன்ற சிறிய கோலம் நிறையக் காணப்படும். முதுகுத்தாளில் கிழிசல், பொத்தல், எலி கடித்த ஓட்டை இருந்தால் அதன் வழியே உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். உள்தாள்களும் கம்புகளும் தெரிந்தால் நல்லது. பிளைவுட் தெரிந்தால் யாரோ படத்தைக் கழற்றிப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். அசைய இடமில்லாத தாள் இன்றில்லாவிட்டால் நாளை வெடிக்கும். முதுகுத்தாள் புத்தம் புதிதாக இருப்பது குறையல்ல. சுமார் நூறு ஆண்டுக்கொருமுறை திரையைப் பிரித்துக் கட்டுவது வழக்கம்தான். எப்போது, யார் கட்டியது என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்து கீல். மடல்களைப் பாதி விரிக்கச் சொல்லி, பின்னால் வெளிச்சம் வைத்து மடல்களின் இடைவெளியைப் பாருங்கள். ஒளிக்கோடு தெரிந்தால் அந்தப் பட்டை தேய்ந்துவிட்டது. மேலிரண்டும் கீழிரண்டும் முதலில் அறும், இழுவை அங்கேதான் அதிகம். ஒரு கீல் அறுந்தால் மற்றவை சுமை தாங்காமல் வரிசையாகப் போகும். கீல் உலோகமாக இருந்தால் பழைய கட்டு அல்ல. 20ஆம் நூற்றாண்டு வேலையாகவோ வெளிநாட்டில் மாற்றிக் கட்டியதாகவோ இருக்கலாம்.

பிறகு சட்டம். விளிம்பு மரத்தில் உருஷி மரப்பால் மெருகு பூசி, மூலைகளில் செம்புத் தகடு அடித்திருப்பார்கள். கீழ்ச்சட்டம் தேய்ந்திருக்க வேண்டும். தரையில் நின்ற பொருள் அல்லவா! கை பிடிக்கும் உயரத்தில் மெருகு மங்கியிருக்க வேண்டும். எங்கும் ஒரே அளவு பழுப்பும் தேய்மானமும் இருந்தால் செயற்கையாகப் பழமையாக்கிய வேலை என்று சந்தேகப்படலாம்.

இப்போது முன்பக்கம் வாருங்கள். ஆனால் படத்தை விட்டுவிட்டுத் தங்கத்தை மட்டும் பாருங்கள். தங்க ரேக்கு சதுரம் சதுரமாக ஒட்டப்படுவது. இன்றைய வழக்கமான சதுரம் 10.9 செ.மீ., தடிமன் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு சதுரத்தின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறும் இடத்தில் இரட்டை ரேக்கு விழுவதால் மெல்லிய கோடு தெரியும். 'ஹகு ஆஷி', அதாவது ரேக்கின் கால் என்பார்கள். கையால் ஒட்டிய கோடுகள் சற்றுக் கோணலாக, அகலம் மாறி மாறி இருக்கும். அளவுநாடாவை அருகில் பிடித்துச் சில சதுரங்களை அளந்து பாருங்கள். கோடே இல்லையென்றால் தங்கப்பொடிப் பூச்சாகவோ அச்சாகவோ இருக்கலாம். உருப்பெருக்கியில் சீரான புள்ளிகள் தெரிந்தால் அச்சு என்பது உறுதி. பழுப்பும் பச்சையுமாகப் புள்ளி விழுந்திருந்தால் அது பித்தளை ரேக்கு. தங்கம் கருக்காது. வெள்ளி ரேக்கு கருக்கும், அது இயல்பு. பழைய திரைகளில் கரிய வட்டமாகத் தெரியும் நிலா, ஒரு காலத்தில் வெள்ளியாகப் பளபளத்தது.

டார்ச்சைப் பக்கவாட்டில், படத்தளத்துக்கு ஏறக்குறைய இணையாகப் பிடியுங்கள். ஒட்டுப்போட்ட பொத்தல், மேலே பூசிய வண்ணம், உரியத் தொடங்கிய திட்டு எல்லாம் நிழல் விழுந்து எழும்பித் தெரியும். வெள்ளைப் பூக்களையும் கொக்கின் உடலையும் தவறாமல் பாருங்கள். அந்த வெள்ளை 'கோஃபுன்', சிப்பி ஓட்டுப் பொடியை 'நிகாவா' என்னும் விலங்குப் பசையில் குழைத்தது. தடிமனாகப் பூசுவதால் முதலில் உதிர்வது இதுதான். பச்சை, மலகைட் கல்லின் பொடி. இதிலுள்ள செம்பு காலப்போக்கில் அடித்தாளைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கும். இலைகள் இருந்த இடம் மட்டும் ஓட்டையாகிப்போன திரைகள் உண்டு.

இதே பக்கவெளிச்சத்தில் தாள் இணைப்புகளையும் எண்ணுங்கள். 16, 17ஆம் நூற்றாண்டுப் பெரிய திரைகளில் ஒரு மடலுக்கு நாலைந்து தாள்களை மேலும் கீழுமாக இணைத்திருப்பார்கள். குறுக்குக் கோடுகள் மடலுக்கு மடல் ஒரே மட்டத்தில் ஓடினால் மடல்கள் ஒன்றாகப் பிறந்தவை. நடுவில் ஒரு மடலில் மட்டும் கோடு மாறினால் அது வேறொரு திரையிலிருந்து வந்ததாகவோ, பின்னாளில் வெட்டிச் சேர்த்ததாகவோ இருக்கலாம்.

கற்றுக்கொண்டால் மறக்காத அடையாளம் ஒன்று உண்டு. மடலின் ஓரத்தை ஒட்டி, உட்கார்ந்தவரின் கை எட்டும் உயரத்தில், உள்ளங்கையளவு வட்டமான ஒட்டுத் தெரிகிறதா? அங்கே தங்கத்தின் நிறம் ஒரு மாற்றுக் குறைந்தோ கூடியோ இருக்கிறதா? அப்படியென்றால் அந்தப் படம் ஒரு காலத்தில் 'ஃபுசுமா' என்னும் நகரும் கதவில் இருந்தது. வட்டம், கதவை இழுக்கும் 'ஹிகிதே' குழிந்த பிடி இருந்த இடம். மாளிகையோ கோயிலோ இடிபட்டபோது கதவுப் படங்களைத் திரையாக மாற்றிக் கட்டுவது சாதாரணமாக நடந்தது. இது மோசடி அல்ல. ஆனால் விற்பவர் அதைச் சொல்ல வேண்டும், விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

கையெழுத்தும் முத்திரையும் கடைசி. ஜோடியில் வலத் திரையின் வலது கீழ் ஓரத்திலும் இடத் திரையின் இடது கீழ் ஓரத்திலும் இருப்பதே முறை. ஒற்றையாகக் கிடைத்த திரை எந்தப் பாதி என்பதை இதை வைத்துச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு மடலிலும் தனித்தனிப் படமும் கையெழுத்தும் இருந்தால் பதற வேண்டாம், 'ஓஷியேபாரி' என்ற வகை அது. கையெழுத்தே இல்லாத நல்ல திரைகள் ஏராளம். கானோ என்ற ஓவியர் பரம்பரையின் பட்டறைகளில் பலர் சேர்ந்து வரைந்தவை அப்படி வந்தவைதான். புதிதாக வாங்குபவருக்கு எங்கள் யோசனை: கானோ எய்தோகு, கோரின் போன்ற பெரும்பெயர் எழுதிய திரையைவிட, பெயரில்லாத நேர்மையான வேலை பத்திரமான முதலீடு. முத்திரையைப் பொய்யாக வெட்டுவது எளிது. பெயருக்கு முன்னால் 'தென்' என்று இருந்தால் 'இவர் வரைந்ததாகச் சொல்லப்படுகிறது' என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

தொடங்குபவர்களுக்கு எடோ காலக் கடைசி முதல் மெய்ஜி காலம் வரையிலான, அதாவது 19ஆம் நூற்றாண்டு, 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து இரண்டு மடல் திரைகள் பொருத்தம். வீட்டில் இடம் போதும், ஒரே கீல் வரிசை. கியோட்டோவில் ஷின்மோன்சென் தெருவிலும் தெராமாச்சி தெருவிலும் இதற்கான கடைகள் இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதி தோஜி கோயிலிலும் 25ஆம் தேதி கிதானோ தென்மான்கூவிலும் கூடும் சந்தைகளிலும் திரை வரும். வெயிலில் நின்ற சரக்கு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஜப்பானுக்கு வெளியே கொண்டுபோவதானால் பணம் கொடுக்குமுன்னரே ஏற்றுமதித் தாள்களைப் பற்றிப் பேசுங்கள். 1950ஆம் ஆண்டுக் கலாச்சாரச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தேசியப் பொக்கிஷம், முக்கியக் கலாச்சாரச் சொத்து என்று அறிவிக்கப்பட்டவை வெளியேற முடியாது. மற்ற பழம்பொருளுக்கு, அது அந்தப் பட்டியலில் இல்லை என்று கலாச்சார விவகார முகமை தரும் சான்றைச் சுங்க அதிகாரிகள் கேட்கக்கூடும். அனுபவமுள்ள வியாபாரி இதைத் தானே வாங்கித் தருவார்.

விரிப்பது

ஆறு மடல் திரைக்கு இரண்டு பேர் கட்டாயம். மோதிரம், கைக்கடிகாரம், வளையல், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, சட்டைப்பையில் பேனா எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பெல்ட் கொக்கியை மறந்துவிடுவார்கள். திரையை அணைத்துத் தூக்கும்போது சரியாக அது உரசும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். பருத்திக் கையுறை மெருகில் வழுக்கும், தகட்டில் மாட்டும்.

1. மடித்த கட்டை எப்போதும் நிமிர்த்தியே கொண்டுவாருங்கள். ஒரு கை அடிச்சட்டத்தின் கீழ், மறு கை பக்கச்சட்டத்தில். விரல் நுனிகூட முதுகுத்தாளின்மேல் படக்கூடாது. மேல்விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்கினால் முழு எடையும் கீலில் தொங்கும்.

2. கட்டின் இரண்டு குறுகிய பக்கங்களையும் பாருங்கள். ஒரு பக்கத்தில் மூன்று கீல் வரிசைகள் இருக்கும். மறுபக்கத்தில் இரண்டு கீல் வரிசைகளும், முதல் மடல், ஆறாம் மடல் இரண்டின் தனி விளிம்புகளும் இருக்கும். தனி விளிம்புகள் உள்ள பக்கம் பார்ப்பவரை நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள். மாற்றி நிறுத்தினால் விரித்தபின் மொத்தத்தையும் திருப்ப வேண்டிவரும். பெரும்பாலான விபத்துகள் அப்படித் திருப்பும்போதுதான் நடக்கின்றன.

3. தலைகீழாக இல்லை என்று உறுதிசெய்யுங்கள். ஜப்பானில் இறந்தவரின் தலைமாட்டில்தான் திரையைத் தலைகீழாக வைப்பார்கள். விருந்தினர் முகம் சுளிப்பார்.

4. ஒருவர் முதல் மடலை அசையாமல் பிடிக்க, மற்றவர் ஆறாம் மடலின் விளிம்பைப் பிடித்து மெதுவாக நகர வேண்டும். அடிப்பாகத்தைத் தரையில் இழுக்காமல் ஒரு மயிரிழை தூக்கி நகர்த்துங்கள். இரண்டிரண்டு மடலாக, புத்தகம் திறப்பதுபோல் திறக்கட்டும். படமுகங்கள் ஒன்றையொன்று பார்க்கும் மூன்று மடிப்புகளில் மெல்லிய தாள் இருக்கும். ஒவ்வொன்றையும் மடிப்புத் திறந்தபின் தானாகத் தளர்ந்ததும் எடுங்கள், உருவி இழுக்க வேண்டாம்.

5. விரித்து முடித்ததும் ஒன்று-இரண்டு, மூன்று-நான்கு, ஐந்து-ஆறு மடல்களின் சந்திப்புகள் சுவர்ப்பக்கம் உள்வாங்கியும், மற்ற இரண்டும் பார்ப்பவர் பக்கம் துருத்தியும் இருக்க வேண்டும். ஓர விளிம்புகள் இரண்டும் முன்னால் வரும்.

முழுக்க நேராக நீட்டாதீர்கள். 'வணிகனும் திரையும் வளையாமல் நிற்க முடியாது' என்று ஜப்பானில் ஒரு பழமொழி உண்டு. வணிகனைப் பற்றி அவரவர் அபிப்பிராயம். திரை விஷயத்தில் அது அப்பட்டமான உண்மை, நேராக நின்றால் ஒரு கதவுக்காற்று போதும் சாய்க்க. மடல்களுக்கிடையில் 120 பாகைக் கோணம் வைத்தால் 360 செ.மீ. திரை சுமார் 310 செ.மீ. அகலத்தையும் 30 செ.மீ. ஆழத்தையும் எடுக்கும். 100 பாகையில் அகலம் சுமார் 275 ஆகக் குறையும், ஆழம் 40ஐ நெருங்கும், உறுதியும் கூடும். பின்னால் சுவரிலிருந்து ஒரு சாண் விடுங்கள்.

மடிக்கும்போது இதே வரிசையைத் திருப்பிச் செய்யுங்கள். கடைசியாக மூடுமுன் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஒரு பார்வை. உள்ளே சிக்கிய ஒரு நூல்முடிச்சு இரண்டு மடல்களிலும் ஒரே நேரத்தில் தழும்பு போட்டுவிடும்.

வைக்கும் இடம்

வெயில் படும் சன்னல், ஏ.சி.யின் நேர்க்காற்று, சமையலறைச் சுவரின் மறுபுறம் மூன்றும் கூடாது. அருங்காட்சியகங்களில் தாள் ஓவியத்துக்கு 50 லக்ஸ் அளவில்தான் விளக்குப் போடுகிறார்கள். வீட்டு வரவேற்பறை விளக்கே அதைவிடக் கூடுதல். அதனால் ஆண்டு முழுவதும் விரித்து வைக்காமல், சில வாரம் வைத்துவிட்டு மடித்துவிடுங்கள். ஜப்பானியர்களும் பருவத்துக்கேற்ற திரையை மாற்றித்தான் வைத்தார்கள்.

காற்றின் ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம் இருந்தால் நல்லது. எண்ணைவிட முக்கியம், அது திடீரென்று ஏறி இறங்காமல் இருப்பது. பகலெல்லாம் ஏ.சி., இரவில் திறந்த சன்னல் என்றால் தாளும் மரமும் வேறுவேறு வேகத்தில் சுருங்கி விரியும். மூலைகளில் தொடங்கிச் சட்டத்தை ஒட்டியே கீறல் ஓடும். 70ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு சிறிய ஈரமானியைத் திரைக்குப் பின்னால் வையுங்கள்.

சுவரில் தட்டையாக மாட்டுவது மேற்கத்திய வீடுகளில் சகஜம். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. மடங்கி நிற்கும்போது மலையின் பின்னால் மறையும் பாதை, தட்டையாக்கினால் வெறும் கோடாகிவிடும். மாட்டியே தீர்வதென்றால் ஒவ்வொரு மடலையும் அடியிலிருந்து தாங்கும் தண்டு வேண்டும். சட்டத்தில் கொக்கி அடித்துத் தொங்கவிட்டால் மெல்லிய விளிம்பு மரம் பிய்ந்து வரும்.

துடைப்பதும் மடித்து வைப்பதும்

படத்தைத் துடைக்கவே வேண்டாம். ஈரத்துணி, உலர்ந்த துணி, தூசி உறிஞ்சி எதுவும் வேண்டாம். சட்டத்தை மட்டும் மென்மையான உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மூலைத் தகடுகளைப் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்கும் ஆசையை அடக்குங்கள். புளிப்பு கசிந்து பக்கத்திலுள்ள ஜரிகைப் பட்டுக்கரையை அரிக்கும்.

மடிப்புகளுக்கிடையில் அமிலமற்ற மெல்லிய தாள், அதன்மேல் பருத்தி உறை, அதன்மேல் 'கிரி' என்னும் இலேசான ஜப்பானிய மரத்தில் செய்த பெட்டி. பெட்டிக்குள்ளும் திரை நின்றபடியே இருக்க வேண்டும். படுக்க வைத்து மேலே சாமான் ஏற்றினால் நடுக்கம்புகள் வளையும். குமிழ்ப் பிளாஸ்டிக்கைத் தங்கத்தின்மேல் நேரடியாகச் சுற்றுவது பெருந்தவறு. ஈரம் உள்ளே அடைபடும், குமிழின் வட்டம் படத்தில் பதியும்.

கோதுமைக் கஞ்சிப் பசை இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. பெட்டிக்குள் பூச்சி மருந்து வைப்பதானால் ஒரே வகையை மட்டும், திரையில் படாமல் வையுங்கள். சூடமும் நாப்தலீன் உருண்டையும் பாராடைக்ளோரோபென்சீனும் கலந்தால் இளகி வழிந்து கறை பிடிக்கும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, மழையில்லாத உலர்ந்த நாளில் நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். பூச்சிக்கு மருந்தைவிட இது நன்றாக வேலை செய்யும்.

பொத்தல் விழுந்துவிட்டால்

முதலில் செலோ டேப்பை எட்டாத இடத்தில் வையுங்கள். அதன் பசை நாளடைவில் தாளுக்குள் இறங்கிவிடும், எடுக்கும்போது ரேக்கும் சேர்ந்து வரும். ஃபெவிகாலும் அப்படியே. காய்ந்தபின் தண்ணீரில் இளகாத எந்தப் பசையும் கூடாது. தொங்கும் கிழிசலை உள்ளே தள்ளாமலும் வெளியே இழுக்காமலும் விடுங்கள். உதிர்ந்த துணுக்குகளை, பொடியாக இருந்தாலும், இடுக்கியால் எடுத்து ஒரு வெள்ளை உறையில் போடுங்கள். உறையின்மேல் தேதி, எந்தத் திரை, வலமிருந்து எத்தனையாவது மடல், தரையிலிருந்து எத்தனை செ.மீ. என்று பென்சிலால் எழுதுங்கள். கிழிசலை நேராகவும் பக்கவெளிச்சத்திலும் படம் எடுங்கள். அதன்பின் திரையை மடிக்காமல், ஆள் நடமாட்டமில்லாத அறைக்கு நின்ற நிலையிலேயே நகர்த்திவிட்டு, 'ஹியோகுஷி' என்னும் திரை கட்டும் கைவினைஞரையோ தாள் ஓவியம் பாதுகாக்கும் நிபுணரையோ அழையுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அந்த உறையைத்தான்.